மே முதல் ஏப்ரல் வரை: மாற்றுத்திறனாளி மாணவருக்குக் கல்லூரியை வசப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு என்னிடம் வந்தபோது கூடவே ஒரு ஃபைல் வந்தது. உள்ளே ஒரு பெயர்ப் பட்டியல், சரிவுப்பாதையின் 3 புகைப்படங்கள். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வந்த சமயத்தில் எடுத்த படங்கள். பட்டியலில் இருந்த 11 பேரில் 2 பேர் படிப்பை விட்டுப் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. துறையில் விசாரித்தால், "வர்றதில்லையே மேடம்" என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அவர்களில் ஒருத்தியின் ஃபோன் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பார்வை மாற்றுத்திறனாளி. சீட் கிடைத்திருக்கிறது, உதவித்தொகையும் வந்திருக்கிறது. முதல் செமஸ்டருக்கு ஸ்கிரைப், அதாவது தான் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தரும் ஆளை, வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அனுமதிக் கடிதம் தேர்வு முடிந்து 4 நாள் கழித்து வந்திருக்கிறது. 5 தாளும் அரியர். "அதுக்கப்புறம் வரத் தோணல மேம்" என்றாள். அந்தக் கடிதம் ஃபைலில் பத்திரமாக இருந்தது.

அன்றைக்கு உறைத்த விஷயத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எந்த உதவிக்கும் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்குள் வந்து சேராத உதவி, இல்லாத உதவிதான். ஆகவே சட்டப் பிரிவுகளின் வரிசையைவிடக் கல்லூரி நாட்காட்டியின் வரிசையே இங்கே முக்கியம். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளை மனத்தில் வைத்திருக்கிறேன். ஒருங்கிணைப்பாளர், துறைத் தலைவர், வகுப்பாசிரியர் ஆகியோருக்கு இது நேராகப் பயன்படும். மாணவரும் பெற்றோரும் படித்தால், எதை எப்போது கேட்க வேண்டும் என்பது தெரியும்.

தொடங்கும் முன்: கையில் இருக்க வேண்டிய சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய 1995 சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. புதிய சட்டத்தில் 21 வகைகள். தலசீமியா, ஹீமோஃபிலியா, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், அமிலவீச்சால் பாதிக்கப்பட்டவர் எல்லாரும் இதில் வருகிறார்கள். நம் கல்லூரிகளின் பட்டியல்களில் பெரும்பாலும் கை, கால், கண், காது என்ற 4 மட்டும்தான் இருக்கும். மற்றவர்களும் நம் வகுப்பறைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் கேட்பதில்லை, அவர்கள் சொல்வதில்லை.

3 பிரிவுகளை அச்செடுத்து மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். 32-ஆம் பிரிவு: அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்க வேண்டும், உயர் வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு தர வேண்டும். 16-ஆம் பிரிவு: பாகுபாடின்றிச் சேர்ப்பது, கட்டடமும் வளாகமும் எல்லாரும் பயன்படுத்தும்படி இருப்பது, அவரவருக்குத் தேவையான மாற்று ஏற்பாட்டைச் செய்து தருவது. அரசின் நிதி பெறும் நிறுவனங்களோடு அங்கீகாரம் மட்டும் பெற்ற நிறுவனங்களையும் இது சேர்த்தே சொல்கிறது. 'நாங்கள் சுயநிதிக் கல்லூரி, எங்களுக்கு இது கிடையாது' என்ற பேச்சுக்கு இதுவே பதில். 21-ஆம் பிரிவு: ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும்.

அடிக்கடி வரும் குழப்பம் ஒன்று. குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற அளவு இடஒதுக்கீட்டுக்கு உரியது. 'இவனுக்கு 35 சதவீதம்தான், ஸ்கிரைப் தர முடியாது' என்று சொல்லக் கூடாது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால், 40 சதவீதம் இல்லை என்பதற்காக ஸ்கிரைப்பை மறுக்க முடியாது. விகாஷ் குமார் எதிர் யூபிஎஸ்சி என்பது வழக்கின் பெயர். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுப் பிரிவில் பேசும்போது இந்தப் பெயருக்கு நல்ல மரியாதை உண்டு.

மே: சேர்க்கை மேஜையில்

அரசுக் கலைக் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு நடந்துவிடும். மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள், என்சிசி, அந்தமான் தமிழர் எல்லாம் அந்த நாளில்தான். இந்தத் தேதி தெரியாமல் பொதுக் கலந்தாய்வு நாளில் வந்து நிற்கும் குடும்பங்களை வருடா வருடம் பார்க்கிறேன். 60 இடங்கள் உள்ள ஒரு பாடப்பிரிவில் 5 சதவீதம் என்றால் 3 இடம். அந்த மூன்றும் காலியாகக் கிடக்கிறது என்றால், ஆள் இல்லை என்று முடிவுகட்டும் முன் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

இந்த வேலை உண்மையில் ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். சுற்றுவட்டார மேல்நிலைப் பள்ளிகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். அதில் 3 விஷயம் இருந்தால் போதும்: என்னென்ன படிப்புகள் இருக்கின்றன, யாரை எந்த எண்ணில் அழைக்கலாம், யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள் என்ற வேண்டுகோள். அட்டைக்கு விண்ணப்பித்து, மருத்துவக் குழு முன் போய், கையில் வாங்குவதற்குள் பல மாதம் ஓடிவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் நடக்காது. முகாம் எப்போது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பெயரையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் சான்றிதழில் இனிஷியலோடு வேறு மாதிரி, யூடிஐடியில் மூன்றாவது மாதிரி இருந்தால், உதவித்தொகை விண்ணப்பம் நவம்பரில் போய் முட்டி நிற்கும்.

இணையவழி விண்ணப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை நிரப்ப முயன்று பாருங்கள். வளைந்து நெளிந்த எழுத்துப் படத்தைப் பார்த்து டைப் செய்யச் சொல்லும் இடத்தில் பார்வையற்ற மாணவர் நின்றுவிடுவார். அதற்கு ஒலி வடிவம் வேண்டும், இல்லையென்றால் ஓடிபி போதும். இணையதளம் செய்து கொடுத்தவரிடம் சொன்னால் எளிதாக மாற்றித் தருவார். யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சேர்க்கை மேஜையில் உட்காரும் ஆசிரியர்களிடம் முன்னாடியே பேசிவிடுங்கள். "இந்த கோர்ஸ் உன்னால முடியுமா? தமிழ் இல்லன்னா ஹிஸ்டரி எடுத்துக்கோயேன்" என்பது அன்பாகச் சொல்லப்படுகிற மறுப்பு. பார்வையற்றவர் என்றால் வரலாறு, காது கேளாதவர் என்றால் வணிகவியல் என்று நாம் வரைந்து வைத்த கட்டங்கள் சட்டத்தில் எங்கும் கிடையாது. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே பிகாமோடு பிசிஏவும் நடக்கிறது. மருத்துவப் படிப்பிலேயேகூட, குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளக் கூடாது, அந்தப் படிப்பை அவரால் படிக்க முடியுமா என்று குழு ஆராய வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிஎஸ்சி கணிப்பொறியியலுக்கு நாம் தடை சொல்ல என்ன இருக்கிறது?

ஜூன்: முதல் சந்திப்பும் வகுப்பறையும்

வகுப்பு தொடங்கும் வாரத்தில் ஒவ்வொரு மாணவரையும் தனியாக அரை மணி நேரம் சந்தியுங்கள். தனியாக என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் அம்மாதான் பேசுவார், மாணவர் தலையாட்டுவார். 'உனக்கு என்ன குறை' என்று தொடங்க வேண்டாம். பள்ளியில் எப்படிப் படித்தாய், பரீட்சை எப்படி எழுதினாய், வீட்டிலிருந்து எப்படி வருகிறாய், இங்கே எது கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறாய் என்று இந்த 4 கேள்விகளில் தேவையானது எல்லாம் வந்துவிடும். பதிலை எழுதி அவரிடமே படித்துக் காட்டி, துறை ஆசிரியர்களில் யாருக்கு எவ்வளவு சொல்லலாம் என்று அனுமதி கேளுங்கள்.

பட்டியலில் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில்தான் வெளியே வருவார்கள். எல்லா முதலாண்டு வகுப்புகளுக்கும் போய், 21 வகைகளையும் வாசித்து, "யாருக்காவது பேசணும்னா எப்ப வேணாலும் வாங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். அன்றைக்கு யாரும் வர மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஒருவர் வருவார். அப்படி வந்த ஒரு பையனுக்குத் தலசீமியா. சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 75 சதவீத வருகைப் பதிவு கிடைக்காது என்பது ஜூன் மாதமே தெரிந்துவிட்டதால், ஆஸ்பத்திரிச் சீட்டுகளை அவ்வப்போது வாங்கி வைத்தோம். ஹால் டிக்கெட் சமயத்தில் அந்தப் பையன் கண்டோனேஷனுக்காக (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும் அனுமதிக்காக) ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒவ்வொருவரிடமும் தன் நோயை விளக்க வேண்டிய நிலை வரவில்லை.

பிறகு டைம் டேபிள். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வரும் மாணவர் இருக்கும் வகுப்பு தரைத்தளத்தில்தான் நடக்க வேண்டும். இதற்குக் காசு வேண்டாம், கட்டடம் வேண்டாம், இரண்டு துறைத் தலைவர்கள் அறை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். டைம் டேபிள் போடுவதற்கு முன் கேட்டால் சம்மதிப்பார்கள். போட்ட பிறகு கேட்டால் சண்டைதான். லேப் மாடியில் இருந்தால், கீழே ஒரு மேஜையில் எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்று பாட ஆசிரியரோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். நூலகம் மாடியில் என்றால் புத்தகம் கீழே வர வேண்டும்.

சரிவுப்பாதைக்கு ஒரு கணக்கு உண்டு: 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். கட்டட வாசலில் 6 அங்குலப் படிகள் 3 இருந்தால் உயரம் ஒன்றரை அடி, அப்படியானால் பாதை 18 அடி நீளம் வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் 5, 6 அடிக்குள் சிமெண்டைக் கொட்டி முடித்துவிடுகிறார்கள். அதில் பைக் ஏறும், சக்கர நாற்காலி பின்னால் சாயும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், வழுக்கும் டைல்ஸ் வேண்டாம். கான்ட்ராக்டர் வேலையைத் தொடங்குவதற்கு முன் டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள். முடிந்த பிறகு யாரும் உடைத்துக் கட்ட மாட்டார்கள்.

கழிப்பறையைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். தசைச் சிதைவு உள்ள ஒரு மாணவி மதியம் சாப்பிடுவதே இல்லை என்று தோழிகள் சொன்னார்கள். கேட்டால் சிரித்து மழுப்பினாள். பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்: "காலையில எந்திரிச்சதுல இருந்து தண்ணி குடிக்க மாட்டேன் மேம். சாப்பிட்டா தண்ணி குடிக்கணும். குடிச்சா போகணும்." சாயங்காலம் 4 மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள், 2 செமஸ்டர். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை எங்கள் கல்லூரியில் இருக்கத்தான் செய்தது. சாவி அலுவலகத்தில் இருந்தது. உள்ளே பழைய டெஸ்க்குகளை அடுக்கியிருந்தார்கள். கதவு உள்பக்கம் திறக்கும் வகை. நாற்காலி உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது.

அதனால் நேரில் போய்ப் பாருங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். உள்ளே சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் இடம் வேண்டும். பிடித்து எழக் கம்பி வேண்டும். குழாயும் கப்பும் உட்கார்ந்தபடியே கைக்கு எட்ட வேண்டும். பூட்டு இருந்தால் சாவி மாணவரிடமும் ஒன்று இருக்கட்டும்.

ஜூலை: பாடக் குறிப்புகள்

பார்வையற்ற மாணவருக்கு நோட்ஸ் அனுப்பிவிட்டோம் என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டிருப்பார். மாணவருக்கு அது கிடைத்திருக்காது. தமிழில் இதற்கென்றே ஒரு தனிக் காரணம் இருக்கிறது.

தமிழ் இலக்கியம் இரண்டாமாண்டு படித்த ஒரு மாணவர் என் மேஜைக்கு வந்து, மடிக்கணினியைத் திறந்து, "கேட்டுப் பாருங்க மேம்" என்றார். திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அந்தக் கோப்பைப் படித்தது: "ஜே, கே, பீ, ஓ, செமிகோலன்." திரையில் எனக்குத் தெரிந்த சொல் 'தமிழ்'. கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கணினிக்குள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழ், காதுக்குக் குப்பை. ஒரு செமஸ்டர் முழுக்க ஆசிரியர் அன்போடு அனுப்பிய 40 கோப்புகளும் அவருக்கு அப்படித்தான் ஒலித்தன. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டிருந்தார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். துறையில் இனி எல்லாமே யூனிகோடு (கணினிக்குள்ளும் தமிழ் தமிழாகவே இருக்கும் முறை) என்று முடிவெடுங்கள். தட்டச்சு செய்து தரும் கடைக்காரரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். பழைய கோப்புகளை என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கலாம். 40 கோப்புகளை ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். பிடிஎஃப் ஆக்கும் முன் வேர்டு கோப்பையே அனுப்பினால் இன்னும் நல்லது.

அச்சுப் புத்தகத்தைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புவதும் இதே கதைதான். படம் என்றால் திரைவாசிப்பானுக்கு வெற்றுத்தாள். படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாகப் பிரித்துத் தரும். பிழை வரும். 'ர'வும் துணைக்காலும் இடம் மாறும், ஒற்றெழுத்தின் புள்ளி காணாமல் போகும். என்எஸ்எஸ் மாணவர்களை ஆளுக்கு 10 பக்கம் மெய்ப்புப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கல்லூரியில் மரம் நடுவதற்குப் போட்டிருந்த 2 நாளில் ஒரு நாளை இதற்கு எடுத்துக்கொண்டோம். ஒரு பாடத்தின் முழுப் புத்தகமும் முடிந்தது.

பதிப்புரிமை பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பதை 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்காக 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்திலும் மாணவரைப் பதிவு செய்துவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்லி பிரிவும் உண்டு.

மென்பொருளுக்குப் பணம் இல்லை என்ற பேச்சு வரும். என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம், தமிழ் படிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது. கணினி ஆய்வகத்தில் 2 கணினிகளிலாவது என்விடிஏவை நிறுவி ஹெட்ஃபோன் மாட்டி வையுங்கள்.

காது கேளாத மாணவர்களுக்கான உதவி வேறு மாதிரி. பள்ளியில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்குப் பெற்று வந்தவர்கள் பலர். கல்லூரிக்கு வந்ததும் பகுதி 1, பகுதி 2 என்று இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் முன்னால் நிற்கும். அவர்கள் எழுதும் வாக்கியம் திக்கினால் அறிவுக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். சைகை மொழிதான் அவர்களில் பலர் சிந்திக்கும் மொழி, தமிழே அவர்களுக்கு இரண்டாம் மொழி. சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது அரிது. கிடைக்கும்வரை கரும்பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள், வாயைக் கையால் மறைத்தபடி பேசாதீர்கள், அன்றைய பாடத்தின் கலைச்சொற்களை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி நாம் பேசும் தமிழைத் திரையில் எழுத்தாகக் காட்டும். முதல் பெஞ்சில் கைபேசியை வைக்க அனுமதி கொடுங்கள். வகுப்பில் கைபேசித் தடை என்ற விதி இவர்களுக்குப் பொருந்தாது என்று எல்லா ஆசிரியருக்கும் எழுத்தில் போய்ச் சேரட்டும்.

ஆகஸ்டு: இன்டெர்னலை ஒத்திகையாக்குங்கள்

பல கல்லூரிகளில் இன்டெர்னலுக்கு ஸ்கிரைப் கிடையாது. "சும்மா வாய்மொழியா கேட்டு மார்க் போட்டுடறேன்" என்பார்கள். மார்க் வரும், பழக்கம் வராது. சொல்லி எழுத வைப்பது ஒரு தனித் திறமை. எங்கே நிறுத்துவது, எங்கே பத்தி பிரிப்பது, எழுதியதை எப்போது திரும்பப் படிக்கச் சொல்வது என்பதெல்லாம் முதல் தடவையிலேயே கைவராது. முதல் இன்டெர்னலிலேயே ஸ்கிரைப்போடு, கூடுதல் நேரத்தோடு, தனி அறையில் உட்கார வையுங்கள். கோளாறு எங்கே வருகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

செப்டம்பர் முதல் நவம்பர்: தேர்வு

மற்ற எல்லாவற்றையும் தவறவிட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

மத்திய சமூகநீதித் துறை 2018 ஆகஸ்டு 29-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடுசெய் நேரம் உண்டு. 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதல். மாணவர் தன் ஸ்கிரைப்பைத் தானே அழைத்து வரலாம், அல்லது தேர்வு நடத்தும் அமைப்பிடம் கேட்கலாம் என்று அந்த 2018 வழிகாட்டுதல் சொன்னது. தானே அழைத்து வந்தால், அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அமைப்பு ஏற்பாடு செய்தால், 2 நாள் முன்பே சந்தித்து ஒத்துவருமா என்று பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு. மொழித்தாளுக்கு ஒருவர், மற்றவற்றுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். ஆகவே ஒவ்வொரு செப்டம்பரிலும் உங்கள் பல்கலைக்கழகத்தின் அண்மைச் சுற்றறிக்கையை வாங்கிப் படியுங்கள்.

இப்போது எண்ணிக்கையைப் போடுங்கள். ஸ்கிரைப் தேவைப்படுபவர் 8 பேர், ஆளுக்கு 5 தாள் என்றால் 40 அமர்வுகள். அரியர் இருந்தால் இன்னும் கூடும். இந்த 40-ஐ அக்டோபர் கடைசியில் தேட முடியாது. செப்டம்பர் முதல் வாரத்திலேயே பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். பிளஸ் டூ மாணவர்கள் நல்ல ஸ்கிரைப்புகள். ஆனால் அவர்களுக்கும் அரையாண்டுத் தேர்வு வரும், தேதி மோதாமல் பாருங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு மாற்று ஆள் இருக்கட்டும். காய்ச்சல் என்று காலை 9 மணிக்கு ஃபோன் வரும் நாள் ஒன்று ஒவ்வொரு செமஸ்டரிலும் வரத்தான் செய்கிறது. போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் கல்லூரி தரட்டும். மாணவரின் குடும்பம் கைக்காசு போட்டு ஸ்கிரைப்புக்கு 500, 1000 கொடுப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பணத்தைச் சம்பாதிக்க அந்த அப்பா எத்தனை நாள் வேலைக்குப் போயிருப்பார் என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, எங்கள் ஸ்டாஃப் கவுன்சிலில் இதைத்தான் முதலில் பேசினேன்.

அனுமதிக் கடிதத்துக்கு வருவோம். மருத்துவச் சான்று, யூடிஐடி நகல், ஸ்கிரைப்பின் விவரம், முதல்வர் கையொப்பம் எல்லாம் சேர்த்துத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். 10 நாளில் பதில் இல்லையென்றால் நேரில் போங்கள். மாணவரை அனுப்பாதீர்கள், நீங்கள் போங்கள்.

தேர்வு அறை தரைத்தளத்தில், தனியாக, சத்தம் குறைந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒரே அறையில் 4 பேர் சொல்ல 4 பேர் எழுதினால் யாருக்கும் எதுவும் கேட்காது. அறைக் கண்காணிப்பாளரிடம் முந்தின நாளே பேசுங்கள். 10 மணிக்குத் தொடங்கும் தேர்வு மற்றவர்களுக்கு 1 மணிக்கு முடியும், இவர்களுக்கு 2 மணிக்கு. 1 மணிக்கு விடைத்தாள் கட்டைக் கட்ட வந்து நிற்பவரின் அவசரத்தில்தான் அந்தக் கூடுதல் மணி நேரம் காணாமல் போகிறது. இவர்களின் தாள்களுக்குத் தனி உறை போடுங்கள். மதியம் 2 மணிக்கே அரியர் தாள் இருந்தால் அந்த மாணவர் சாப்பிடாமல் அடுத்த 4 மணி நேரத்துக்கு உட்கார வேண்டும். கால அட்டவணை வந்தவுடன் இப்படிப்பட்ட நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, தொடங்கும் நேரத்தைத் தள்ளித் தரச் சொல்லி எழுதுங்கள். தேர்வு 6 மணிக்கு முடியும் நாளில் மாணவிக்கும் ஸ்கிரைப்பாக வந்த பெண்ணுக்கும் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வினாத்தாளில் வரைபடக் கேள்வி இருந்தால் மாற்றுக் கேள்வி வேண்டும். பொருளியலில் தேவை வளைகோட்டை வரையச் சொன்னால் பார்வையற்ற மாணவர் என்ன செய்வார்? வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஆகஸ்டிலேயே இந்த வேண்டுகோள் போக வேண்டும். தேர்வு அன்று கேட்டால், "இருக்கறத எழுதச் சொல்லுங்க" என்றுதான் பதில் வரும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை

ரிசல்ட் வந்த அன்றே ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் பாருங்கள். நன்றாக எழுதியதாகச் சொன்ன தாளில் மார்க் இடித்தால், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எப்போது என்று உடனே சொல்லிவிடுங்கள். உதவித்தொகை, வாசிப்பாளர் உதவித்தொகை, இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் போன்றவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக வருபவை. போனஃபைடு சான்றிதழுக்காக அவர்களை 3 முறை அலைய விடாமல் 10 பிரதிகள் ஒரே நாளில் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வரும் நிறுவனத்திடம், ஆன்லைன் தேர்வு திரைவாசிப்பானில் இயங்குமா, கூடுதல் நேரம் உண்டா என்று நீங்களே முன்கூட்டிக் கேளுங்கள். சுற்றுலாவுக்குத் தாழ்தள வண்டி கிடைக்குமா, பட்டமளிப்பு மேடைக்குப் படி மட்டும்தானா என்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடைக்கு ஏற முடியாதவரைக் கீழே நிற்க வைத்துப் பட்டம் கொடுப்பதைவிட, எல்லாருக்குமே கீழே வைத்துக் கொடுக்கலாம். ஒரு வருடம் அப்படிச் செய்தோம்.

மறுத்தால்

முதலில் முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள், பிறகு கல்லூரியின் சமவாய்ப்பு மையத்திடம். யூஜிசியின் 2012 விதிகள் பாகுபாட்டுப் புகார்களுக்கென்றே ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று சொன்னவை. அங்கேயும் நகரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பலர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இதை யாரையும் மிரட்டச் சொல்லவில்லை. மாணவர்களுக்கு இது தெரிந்திருந்தால், தங்களுக்கு நடப்பதைத் தலைவிதி என்று விழுங்கிவிட மாட்டார்கள்.

கடைசி வேலை

ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு அடிக்கடி கை மாறும். அதனால் ஏப்ரலில், விடுமுறைக்கு முன், ஒரு நோட்டை எழுதி முடியுங்கள். யாருக்கு எந்த ஏற்பாடு சரியாக நடந்தது, ஸ்கிரைப்பாக வந்த பிள்ளைகளின் பள்ளி எது, தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் எந்த மேஜையில் கடிதம் தேங்கியது, கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது. படிப்பை விட்டுப் போனவர்களின் பெயரும் ஃபோன் நம்பரும் தனிப் பக்கத்தில் இருக்கட்டும். நான் பேசிய அந்தப் பெண் அடுத்த நவம்பரில் வந்து 5 அரியரையும் எழுதினாள். கடிதம் இந்த முறை 17 நாள் முன்பே கையில் இருந்தது.